முதலில் அசைந்தவன்

சின்சினாட்டியில் மே மாதம்.
குப்பைத் தொட்டிக்கு மேலே, வாடகை வீட்டு வெள்ளைச் சுவரில்
இரண்டு ஆண் சிலந்திகள்.
ஒரே இனம். ஒரே முட்டைப் பையாகக்கூட இருக்கலாம்.

ஒருவன் கறுப்பு, தலையில் மூன்று குடுமி.
அரைச் சாண் தள்ளி நின்றே
வெளுத்த கால்களை உயர்த்தி ஆட்டுகிறான்,
ஓடும் பஸ்ஸை நிறுத்தப் பார்ப்பவன் மாதிரி.

மற்றவன் சாம்பல் வரியன்.
இரண்டு விரல் அகலம் நெருங்கும்வரை மூச்சு காட்டவில்லை.
பிறகு பதுங்கி,
முன்கால்களைக் கூம்பாக நீட்டி
அரைவட்டமாய் வழுக்குகிறான்.

அவளுக்கு எட்டுக் கண்.
எவன் அழகன் என்ற கவலை எனக்குத்தான்.

மூன்று வாரக் கணக்கு:
கறுப்பனுக்குப் பதினொன்று, வரியனுக்குப் பத்து.
குடுமியில் ஒன்றுமில்லை போலும்;
முதலில் எவன் அசைந்தானோ அவன் பக்கம் திரும்புகிறாள்.

போனில் சொன்னேன்.
"அப்ப ஹைட் முக்கியமில்லியா?" என்றான் அமுதீசன்,
மணமகள் தேடும் தளத்தில்
தன் உயரத்தை மூன்றாம் முறை திருத்தியிருப்பவன்.

நேற்று இருவரும் ஒன்றாய் ஆடத் தொடங்கினார்கள்.
நான் பென்சிலைக் கூராக்கி உட்கார்ந்தேன்.

ஓர் ஈ வந்து அமர்ந்தது.

அவள் அதன் பக்கம் திரும்பினாள்.

என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: பசி.