சுத்தியல் சத்தம்

நீல மையில் எழுதியிருந்தார் திருமதி ஓக்கெல், பதினான்கு நாளும்:
"2.10, சுத்தியல். 2.40, மறுபடி.
3.05, அந்த ஆள் தூங்கவே மாட்டானா?"
அந்த ஆள் ஷிமோன். பக்கத்து வீடு. மீன் ஆலையில் பகல் வேலை.
மன்றத்திலிருந்து இரண்டு கடிதம் போயிருந்தது அவருக்கு;
இரண்டாவது, சிவப்பு எழுத்தில்.

ஒலிமானியோடு அந்த அம்மாளின் மாடியறையில்
நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
பிஸ்கட் தந்தார். செத்துப்போன கணவரின் கம்பளியும்.
முப்பத்தொரு டெசிபல். அது என் வயிறு.
ஒரு மணி. ஒன்றரை.
"நீங்கள் வந்தது தெரிந்து அடக்கி வாசிக்கிறான்" என்றார்.

கிரிம்ஸ்பியில் காற்றுக்கு அலுவலக நேரம் கிடையாது.
இரண்டு பத்துக்குக் கடல் பக்கமிருந்து திரும்பியது.
டக்.
டக் டக்.
அம்மாள் முகத்தில் வழக்கில் வென்ற களை.
ஜன்னலைத் திறந்தேன்.
பக்கத்து ஜன்னலில் ஷிமோன், கலைந்த தலையோடு,
அதே சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

சந்து முனை விளக்குக் கம்பத்தில்
ஒரு திருகாணி கழன்று
ஆடி ஆடி அடித்துக்கொண்டிருந்தது
எங்கள் பலகை:
'இங்கே குப்பை கொட்டாதீர். நகர மன்றம்.'

ஏணி அம்மாளுடையது. ஸ்பானர் அவருடையது.
அடையாள அட்டை மட்டும் என்னுடையது.
கடைசிச் சுற்று முறுக்கிவிட்டு ஷிமோன் கேட்டார்:
"சிவப்புக் கடிதம் இனி யாருக்கு?"
அம்மாள் ஏணியை இறுகப் பிடித்தபடி
தரையைப் பார்த்தார். நானும்.

காலையில் படிவம்.
தொல்லை கொடுத்தவர் பெயர், முகவரி:
எங்கள் முகவரியைத் தட்டினேன்.
கணினி ஏற்கவில்லை.
மறுபடி தட்டினேன்.
டக். டக் டக்.