உத்தேச வயது

இரவு எட்டரைக்கு அரண்மனை திறக்கும்.
தம்பிலுவிலில் எங்கள் ஒழுங்கையில்
அதற்கு முன்னமே சோறு முடிந்துவிடும்.
மொழிமாற்றிய நாடகம்.
அரசி வாயை மூடிய பிறகும்
தமிழ் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கும்.

முந்நூறு அங்கமாக ஒருத்தி சொல்கிறாள்:
தீப்பிடித்த இரவில் தொலைந்த இளவரசி நான்.
தோளில் தழும்பு. பாதி மோதிரம்.
தாதி பாடிய தாலாட்டில்
நடுவில் இரண்டு வரி.
மந்திரி நம்பவில்லை.
மச்சாள் கோமளேஸ்வரி நம்பினாள்.
நானும்தான்,
சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்திச் சிந்தி.

பகலில் நானே மந்திரி.
பிரதேச செயலகம், பதிவாளர் கிளை, மூன்றாம் யன்னல்.
மின்விசிறி என் பக்கம் மட்டும் திரும்பும்.

யோகமலர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பொலித்தீன் பைக்குள் சத்தியக் கடதாசி,
கிராம சேவகர் கடிதம்,
மகளின் கலியாணப் பேச்சைப் பற்றி
ஒன்றும் எழுதாத விண்ணப்பம்.

தொண்ணூறு ஆனியில்
உழவு இயந்திரப் பெட்டியில்
நெல்மூட்டைக்கும் ஆட்டுக்கும் நடுவில்
வந்திறங்கிய பிள்ளை.
ஆருட பிள்ளை என்று கேட்டதற்குப்
பெட்டியிலிருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்களாம்.
பெயர் வைத்தது சாரதி.
டொக்டர் பல்லைப் பார்த்து நாலு என்றார்.
உத்தேச வயது.
பிறந்த திகதி: ஜனவரி ஒன்று.
தாய்: தெரியாது.

"மாப்பிள்ள வீட்டார் குடி கேக்கிறாங்க மிஸ்.
குடி தாய்வழிதானே.
எனக்குத் தாய் இல்லாட்டி
என்ட பிள்ளைக்கு என்ன வழி?"

எந்தக் குடியெண்டு சொல்லுறீங்க?

குரல் தாழ்ந்தது.
கோயிலில் முதல் திருவிழா செய்கிற குடி.

பின்மேசையில் பேரின்பநாதன் ஐயா சிரித்தார்.
"தொலைஞ்ச ஒருத்தியும்
கூலிக்காரன்ட மகளெண்டு வாறேல்ல, பாத்தீங்களா."

என்ன சான்று?
முழங்காலில் ஒரு தழும்பு.
எந்தக் குடிக்குத்தான் முழங்கால் இல்லை.
பிறகு ஒரு கிணறு,
கால் வைத்தால் ஆடும் ஒரு கட்டுக்கல்.
"அவ்வளவுதான் மிஸ். முகம் வராது."

கறையான் தின்றது போக
எண்பத்தாறு மிச்சமிருந்தது.
பெண். பெயர் இடப்படவில்லை.
தாயின் பெயரை ஊருக்கே தெரியும்.
தாய்க்கு இறப்புப் பதிவு உண்டு,
பிள்ளைக்கு இல்லை.
பொருந்தலாம்.
அந்த வரியில் விரலை வைத்தபடி
தேநீர் மணி அடிக்கும்வரை நின்றேன்.

அன்றிரவு மந்திரி வென்றான்.
அவள் தோட்டக்காரன் மகளாம்.
தழும்பு கொதிகஞ்சி பட்டது, மோதிரம் களவு.
"நாசமறுவாள்" என்று எழும்பினாள் கோமளேஸ்வரி,
முந்நூறு நாள் கண்ணீரையும்
வட்டியோடு திருப்பிக் கேட்பவள் போல.
எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை.
தாலாட்டை எங்கே களவெடுத்தாள்?

அடுத்த நாள் யோகமலரைக் கூப்பிட்டேன்.
"ஒரு பக்கம் இரிக்கு கா.
உங்கட எண்டு சொல்ல ஏலா.
உங்கட இல்லையெண்டும் சொல்ல ஏலா."

அவள் குடியைக் கேட்கவில்லை.
தாயின் பெயரையும் கேட்கவில்லை.
"என்ன திகதி?"

நவம்பர் இருபத்தொன்பது.

யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.
முப்பத்தைந்து வருசமாக
ஜனவரி முதலாந் திகதி
ஊரோடு சேர்த்துப் பிறந்தவள்.
"அப்ப மழை பேஞ்சிரிக்கும்" என்றாள்.
"கிணறு முட்டியிரிக்கும்."

வெளியே கச்சான் வீசியது.
முற்றத்து மணல் வந்து படிவங்களில் ஏறியது.
வரிசையில் அடுத்த ஆள் செருமினார்.
முத்திரை மை காய்ந்திருந்தது;
போத்தல் மூடியால் இரண்டு துளி தண்ணீர் விட்டேன்.

இன்னும் குத்தவில்லை.