நான்காவது பாட்டு

ஏழு மணிக்கே வந்து ஒயர்களைப் பிரித்தேன்.
ரொசாரியோவில் ஜூலை மாதம்.
நதியிலிருந்து ஏறிய ஈரம்
கிளப்பின் கண்ணாடிகளில் உட்கார்ந்திருந்தது.
மரத்தரையில் ஒரே ஒரு பலகை
தூக்கிக்கொண்டு நிற்கும்.
தெரிந்தவர்கள் சுற்றிப் போவார்கள்.

ஆளில்லாத தரைக்கு முப்பதுகளின் பாட்டுகள்.
நடந்தாலே போதும் அவற்றுக்கு.
பாடகன் இன்னும் வேண்டாம்.
பாடகன் வாய் திறந்தால்
சிலருக்கு யாராவது ஞாபகத்துக்கு வருவார்கள்;
அது பத்தரைக்கு மேல் நடக்க வேண்டிய காரியம்.

நான்கு டாங்கோ, ஒரே வாத்தியக் குழு, ஏறக்குறைய ஒரே வருஷம்.
பிறகு திரை:
அரை நிமிடம் வேறேதோ சங்கீதம்
(இன்றைக்கு ஒரு ட்ரம்பெட்),
கைவிட்டு அவரவர் நாற்காலிக்குத் திரும்ப.
மறுபடி நான்கு. அப்புறம் மூன்று வால்ஸ்.
மூச்சிரைப்புக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு,
அவ்வளவுதான் என் சாஸ்திரம்.

முதல் பாட்டில் உடம்பு அளவெடுக்கும்.
இரண்டாவதில் காது சேரும்.
மூன்றாவதில் யார் பெயரும் தேவைப்படாது.
நான்காவதற்காகத்தான்
மற்ற மூன்றும்.

பதினொன்றேகாலுக்கு லெயாந்த்ரோ உள்ளே வந்தான்.
கூட ஒரு பெண், பச்சை மஃப்ளர்.
யமிலா என்று யாரோ சொன்னார்கள், நான் கேட்கவில்லை.
ஒன்பது வருஷம் என் காலணிப் பையைத் தூக்கியவன்.
அடுத்த வரிசை ஏற்கெனவே தயார்:
நாற்பத்திரண்டாம் வருஷம்,
பாண்டோனியன் மூச்சை உள்ளிழுத்து
வெளியே விட மறந்ததுபோல் நிற்கும்.
மாற்றியிருக்கலாம்.
தொழில் தொழில்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

தூரத்திலிருந்து அவன் கண்ணால் கேட்டான்,
அவள் எழுந்தாள்.
ஒன்று.
இரண்டு. அந்தப் பலகையை அவளுக்காகச் சுற்றிப் போனான்.
மூன்றில் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

என் விரல் திரையை இழுத்தது.

ட்ரம்பெட்.
ஜோடிகள் விலகின, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கசாப்புக்கடை அன்செல்மோ மட்டும்
இல்லாத ஒரு மாடிப்படியைக்
காலால் தேடுகிறவர் மாதிரி
நடுவில் நின்றார்.
பிறகு என் மேஜைக்கு வந்தார். திட்டவில்லை.
நாலு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி,
தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.
தராசில் விரல் வைக்கிறவர்களை
அவருக்குத் தெரியும்.

அப்புறம் எல்லாமே எண்ணிப் போட்டேன்.
தரை நிறைந்துதான் இருந்தது.
எனக்கு மட்டும் கேட்டது
ஒரு பாட்டு குறைவதாக.

இரண்டரைக்குக் கடைசிப் பாட்டு.
எது என்று எல்லோருக்கும் தெரியும், அதில் தேர்வு கிடையாது,
அதுவே ஒரு நிம்மதி.
விளக்குகளைப் போட்டார்கள்.
நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.
அன்செல்மோ கோட்டை மாட்டிக்கொண்டு போயாயிற்று.
அப்போது போட்டேன் அந்த நான்காவதை,
துடைப்பத்துக்கும் பக்கெட்டுக்கும்.

கதவு திறந்தது. யமிலா.
மேஜைக்கடியில் மறந்த காலணிப் பையை எடுத்தாள்.
போகவில்லை.
"இதுதானா அது?"
"இதுதான்."
வெளியே கார் ஒரு முறை ஹாரன் அடித்தது.
நின்றபடியே கேட்டாள்.
பூட்ஸ் போட்ட கால்கள்
ஈரத் தரையில் எடையை
இங்குமங்கும் மாற்றிக்கொண்டிருந்தன.
இரண்டாவது ஹாரன்.
அவள் திரும்பவில்லை.

முடிந்ததும்,
"சின்னப் பாட்டுதான்" என்றாள்.

நான் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.