நெய்ச்சாளை

ஆவுடை கட்டிலை விட்டு இறங்காத
எழுபத்து மூன்றாம் நாள்
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்:
"மீன் சாப்பிடுவீங்களா?"
நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
திருநீறு இருந்தது.
அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

ஈரம் போக, மூளையில் பாதிக்குமேல்
கொழுப்புதானாம்.
அதில் ஒரு வகையை
உடம்பு தானாகச் செய்துகொள்ளாது,
தட்டில் வந்தால்தான் உண்டு.
"ஒமேகா மூணு. சிலருக்கு ஒரு கை கொடுக்கும்,
சிலருக்குக் கொடுக்காது.
மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

நான் நில அளவைத் துறை.
சங்கிலி பிடித்துக் காய்த்த கை.
"சிலருக்கு" என்பதை
எந்தப் புலப்படத்தில் எங்கே குறிப்பது?

முதலில் ஆளிவிதை.
வறுத்துப் பொடித்து
அவளுக்குத் தெரியாமல் இட்லிப்பொடியில் கலந்தேன்.
விதையில் இருப்பது வேறு வடிவமாம்,
உடம்பு அதை மாற்றி எடுப்பதற்குள்
வாய்க்கால் தண்ணீர் கடைமடை சேர்வதுபோல்
கொஞ்சம்தான் மிஞ்சுமாம்.
பிறகு மீனெண்ணெய்க் குப்பி.
தேன் நிறத்தில் இருந்ததால் வாங்கிக்கொண்டாள்.
போர்வை மாற்றும்போது பார்த்தேன்,
தலையணைக்கடியில் பதினொன்று,
ஒன்றோடொன்று ஒட்டி.

அப்புறம்தான் ஒரு புதன்கிழமை
பாளையங்கோட்டை மார்க்கெட்டில்
நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக
மீன் வரிசைக்குள் நுழைந்தேன்.
உவரிக்காரி. அமலோற்பவம்.
"என்ன மீனு வேணும்?"
"கொழுப்பு உள்ளது."
பக்கத்துக் கடைக்காரியும் சேர்ந்து சிரித்தாள்.
"அப்ப நெய்ச்சாளைய எடுங்க.
பேருலயே நெய்யி."

விளக்குக்கும் பருப்புச் சோற்றுக்குமாக
எங்கள் வீட்டில் இருந்த சொல்
செதிலோடு கிடந்தது
ஐஸ் கட்டிமேல்.

"ஆருக்கு?"
"வீட்ல. மனசு சரியில்லாம கிடக்கா.
டாக்டர் சொன்னாரு."
அரிவாள்மனையில் அவள் கை நின்றது.
"மீனு தின்னா அது சரியாவுமா?
எங்க வீட்டுக்காரரு
பல்லு மொளச்ச நாள்லேருந்து சாள தின்னவரு.
மாதா கோயில்ல கொடியேறுன அன்னைக்குப் படுத்தாரு.
கடலுக்கு முதுகக் காட்டிட்டே கிடக்காரு.
பேய்னு சொல்லுதாவ. குடின்னு சொல்லுதாவ.
அவரு குடிக்கவே மாட்டாரு."

என்னிடம் பதில் இல்லை.
டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
வியாழக்கிழமை. பதினாலாம் நம்பர் அறை.
எட்டு மணிக்குள் டோக்கன்.
மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்,
ஒரு செதில் ஒட்டியிருந்த காகிதத்தை.
எடை போட்ட பிறகு இரண்டு சாளை கூடப் போட்டாள்.
காசு கொடுத்தேன், தள்ளிவிட்டாள்.

மொட்டைமாடி. புதுச் சட்டி. மின்சார அடுப்பு.
எதிர்வீட்டு ஜன்னல் சத்தமாகச் சாத்தியது.
மஞ்சள் அதிகமா, புளி குறைவா,
ஒன்றும் தெரியவில்லை எனக்கு.

கீழிருந்து ஒரு குரல்:
"என்ன வாடை அது?"
எண்பது நாளில்
அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

முள் எடுக்கத் தெரியாத இரண்டு பேர்
ஒரு தட்டின் முன்னால்.
நக அளவு எடுத்தாள். மென்றாள்.
"உப்பு கூட" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.
மீதியைப் பூனை தின்றது.

வியாழக்கிழமை எங்களுக்கு முப்பத்தொன்று.
கூடை இல்லாமல் அமலோற்பவத்தை
அடையாளம் தெரியவில்லை முதலில்.
கூட ஒரு பெரிய மனிதர்,
பாறை மாதிரித் தோள்,
சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

பெஞ்சில் இடமில்லை.
ஆவுடை அவரைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தாள்,
அளந்தால் ஒன்றரைச் சாண் இருக்கும்.

அவர் உட்காரவில்லை.
நெடுநேரம் அந்த இடம்
அப்படியே இருந்தது.