கவட்டை வால்

கண்டனூரில் மழை விட்டு மூன்றாம் நாள்
குளியலறை நிலையடியில்
மிளகுத்தூள் சிந்திக் கிடந்தது.
விரல் வைத்தேன்.
தூள் குதித்தது.

தெள்ளு என்றார் மருந்துக்கடை அடைக்கலம்.
நாயைக் கொல்லையில் கட்டினோம்.
ராத்திரி முழுக்க அது வழக்காடியது.

வைரத்தில் தோஷம் பார்க்கும் லென்ஸ் ஒன்று
வீட்டில் சும்மா கிடந்தது.
வெள்ளைத்தாளில் ஒன்றைப் பிடித்துக்
குனிந்தேன்:
ஆறு கால், சாம்பல் உடம்பு,
வயிற்றடியில் மடித்து வைத்த கவட்டை.
கொக்கி கழன்றால் ஆகாயம்.
கடிக்கத் தெரியாத வாய்;
பூஞ்சணம் தின்று பிழைக்கிறது.
போய் நாயை அவிழ்த்துவிட்டேன்.
அது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருந்தடித்தேன், செத்தன.
விடிந்ததும் அதே மிளகு.

குழாய்க்காரர் சேவுகன்
சுவரில் காது வைத்துக் கேட்டார்.
"உள்ள கசியுது. சுவர் காய்ஞ்சா
தானாப் போயிரும். இடிக்கணும்."

இடிப்பதா?
இந்தச் சுவருக்குப் பதினொரு பங்கு.
இரண்டு ஈப்போவில், ஒன்று கோர்ட்டில்,
ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம்,
தெய்வானை ஆச்சி.
பேச்சு நின்று ஆறு வருஷம்,
ஒரு அண்டாவுக்காக.

ஜன்னல்களைத் திறந்து போட்டேன்,
மிதியடியை வெயிலில் எறிந்தேன்,
ஃபேனை இரவும் பகலும் ஓடவிட்டேன்.
குறைந்தன. போகவில்லை.

இன்று காலை அந்தக் கதவு திறந்தது.
"ஒங்க பக்கமும் குதிக்குதா?"

பதில் சொல்லாமல் லென்ஸை நீட்டினேன்.
குனிந்த ஆச்சி
நெடுநேரம் நிமிரவில்லை.
பிறகு,
"பாதிச் செலவு என்னது" என்றாள்,
என்னைப் பார்க்காமல்,
பூச்சியிடம் சொல்வதுபோல.