கேள்வி எண் பதினேழு

ஆன்டாப் ஹில். பதினோராவது கடை.
சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள்
மீசை வைத்த ஒருவரின் பார்மசி சான்றிதழ்.
கல்லாவில் மீசை முளைக்காத ஒருவன்.
"சார் இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு."
போன வாரமும் டீதான்.
படிவத்தை அவனே வாங்கி
கேட்டதற்கெல்லாம் ஐந்து போட்டான்.

பன்னிரண்டாவதில் சுகிர்தா இருந்தார்.
நாற்காலி கிடையாது, நின்றபடியே பதில்.
"உங்கள் திறனை ஒன்றிலிருந்து ஐந்துக்குள்
நீங்களே மதிப்பிடுங்கள்."
ஏதோ ஒரு நாட்டில், மழை கேட்காத அறையில்
யாரோ யோசித்த கேள்வி.

அதற்குள் நனைந்த சீட்டோடு ஒரு அம்மாள்.
வாசித்தவர் மறுபடி வாசித்தார்.
"கைவலியா?" என்று இந்தியில் கேட்டார்.
வீங்கிய விரல்களை அம்மாள் விரித்துக் காட்டினார்.
வாரத்துக்கு ஒன்று விழுங்க வேண்டியது;
எழுதியிருப்பதோ தினம் ஒன்று.

டாக்டருக்குப் போன். எடுக்கவில்லை.
மறுபடி. மறுபடி.
நாலாவதில் எடுத்து, எரிந்து விழுந்து,
ஆமாம் என்றார்.

எழுத்து தெரியாதாம் அம்மாளுக்கு.
காலண்டர் தாளைக் கிழித்து
நாலு திங்கட்கிழமைகளுக்கு வட்டம் போட்டு
"இதில மட்டும்.
மத்த நாள் வலிச்சாலும் தொடக்கூடாது."

பதினொரு நிமிடம்.
நாற்பத்தெட்டு ரூபாய் வியாபாரம்.
முதலாளி தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார்.

"எதுல விட்டோம்?"
பதினேழு.
"மூணு போடுங்க."
மூணுதானா என்றேன்.
ரப்பர் பேண்டை விரலில் சுற்றி அவிழ்த்து
மெதுவாகச் சொன்னார்:
"நாலாவது தடவையும் எடுக்கலைன்னா
என்ன செஞ்சிருப்பேன்னு
எனக்கே தெரியல."