கேட்டால்தான் வரும்

மதியம் மூன்று மணிக்கு வந்தார், மழைக்கோட்டோடு.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டிருந்தேன்.
"சாப்பாடு?" என்றார்.
லியோனில் அது
தட்டாமல் குளியலறைக் கதவைத் திறப்பது மாதிரி.
"போன்ஜூர்" என்றேன்.
"சாப்பாடு?"
"போன்ஜூர்."
மூன்றாம் முறை புரிந்துபோய்
காது இரண்டும் சிவந்தன.
அடுப்பு அணைத்தாயிற்று ஐயா,
இனி ஏழரைக்குத்தான்.

ஏழு இருபதுக்கே வாசலில் நின்றார்.
"போன்ஸ்வார்"
ஒத்திகை பார்த்த குரல்.

தூணுக்குப் பின்னால் ஆறாம் மேசை.
ரொட்டிக்குத் தட்டு எங்கே என்று
மேசைக்கடியில்கூடக் குனிந்து பார்த்தார்.
தட்டு கிடையாது. விரிப்பின்மேல் வையுங்கள்.
துணுக்கு சிந்தினால் சிந்தட்டும்,
நான் எதற்குச் சம்பளம் வாங்குகிறேன்?
வெண்ணெய் கேட்டார். கொடுத்தேன்.
உள்ளே ஒதீல்
கரண்டியைச் சற்று ஓங்கி வைத்த சத்தம் கேட்டது.

குடுவைத் தண்ணீருக்குக் காசில்லை என்று
இரண்டு முறை சொன்னேன்; நம்பாமல்
சொட்டுச் சொட்டாய்க் குடித்தார்.
வைனுக்கு எங்கள் ஊர்ப் புட்டி, அடிக்கண்ணாடி தடித்தது.
பார்த்தால் அரை லிட்டர்.
நாலு சென்டிலிட்டர் குறைவு.
அந்த நாலும் எங்கே போனதென்று
தெருவுக்கொரு கதை உண்டு இங்கே.

பட்டியலில் 'நெசவாளியின் மூளை' என்றிருந்ததை
கைப்பேசியில் தேடி, வெளிறினார்.
மூளையில்லை ஐயா, வெறும் பால்கட்டி.
பூண்டு, வெங்காயத்தாள், ஒரு துளி காடி.
கறி வாங்க வக்கில்லாத பட்டுத்தறிக்காரர்களுக்கு
யாரோ வயிறு நிறைந்தவன் வைத்த பெயர் என்பார்கள்.
தறிகள் போய்விட்டன.
கேலி மட்டும் கிண்ணத்தில், ஏழு யூரோ.

பிறகு கெனெல்.
ஆற்றுமீனை அரைத்துப் பிடித்தது.
அடுப்பைவிட்டு இறங்கும்போது உப்பிக்கொண்டு வரும்,
பதினான்கு அடி நடப்பதற்குள் அடங்கிவிடும்.
அதனால்தான் நான் ஓடுகிறேன்.

கீரையிலையைக் கத்தியால் அறுக்கப் போனார்.
மூன்றாம் மேசை மதாம் பெலிசியே
ஒரு வார்த்தை பேசவில்லை.
தன் இலையை முள்கரண்டியால்
ஒருமுறை மடித்தார். இன்னொருமுறை.
கடிதம்போல் ஆனதும் வாயில் போட்டுக்கொண்டு
அவரைப் பார்த்தார்.
அவரும் மடித்தார்.

ஒன்பதரைக்கு இளஞ்சிவப்பு பிரலின் பணியாரமும் முடிந்தது.

இங்கேதான் வந்தது வினை.

பில் தானே வரும் என்று அவர்.
கேட்காமல் வைப்பது
கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம் என்று நான்.
அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.
நானும்.
கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்தேன்.
துடைத்தவற்றையே துடைத்தேன்.
மதாம் பெலிசியே கையுறை மாட்டிக்கொண்டு போனார்.
பிறந்தநாள் மேசை பாடிவிட்டுப் போனது.
அவர் உட்கார்ந்திருந்தார்,
கைகளை மடியில் வைத்துக்கொண்டு,
பள்ளிக்கு வெளியே அப்பாவுக்குக் காத்திருக்கும் பையன்போல்.

பதினொன்று.
"மரீஸ், ஆறாம் மேசைக்கு என்ன,
வீடு வாசல் கிடையாதா?"
கேட்டுக்கொண்டே ஒதீல்
எங்களுக்கென்று வைத்திருந்த வெங்காய சூப்பில்
மூன்றாவது கிண்ணமும் ஊற்றினாள்.
அவள் அப்படித்தான்.
வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

எதிரே உட்கார்ந்தேன்.
அரைகுறை ஆங்கிலத்தில் அவரும், அரைக்கால் ஆங்கிலத்தில் நானும்.
பெயர் ஹால்வார்.
நார்வேயில் பனிமீன் கம்பெனிக் கணக்கர்.
"நான் ஏதாவது தப்பு செய்தேனா?
தண்டனையா இது?"
"எங்களைப் பிடித்துப்போய்
போக மனமில்லை என்று நினைத்தோம்."
சிரிக்கத் தெரிந்தவர்தான்.
ரொட்டியைப் பிய்த்து விரிப்பின்மேல் வைத்தார்,
தட்டைத் தேடாமல்.

கிண்ணம் காலியானதும் எழுந்து
சமையலறை வாசல்வரை போய்
நிமிர்ந்து நின்று, ஒதீலின் முதுகிடம்
ஏதோ சொன்னார், தன் மொழியில்.
மூன்று சொற்கள்.
அவசரமேயில்லாத மூன்று சொற்கள்.

பத்தொன்பது வருடமாய் அந்த வாசலில்
விருந்தாளி யாரும் நின்றதில்லை.
ஒதீல் திரும்பினாள், கையில் எண்ணெய்ச் சட்டி.
"என்ன சொல்கிறார் இவர்?"

தெரியவில்லை என்றேன்.
ஒருவேளை பில் கேட்கிறாரோ என்னவோ.